2021இல் சேமித்த பிக்கிள் கோப்புகள் இன்று ஏன் திறப்பதில்லை?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். முனைவர் பட்ட ஆய்வுக்காக 2021இல் நாற்பது பாண்டாஸ் (பைத்தான் நிரல்மொழியில் அட்டவணைகளைக் கையாளும் லைப்ரரி) அட்டவணைகளையும், பல முடிவு மரங்களைச் சேர்த்துக் கணிக்கும் ஒரு ரேண்டம் ஃபாரஸ்ட் மாடலையும், பைத்தான் தன் பொருள்களைச் சேமிக்கும் வடிவமான பிக்கிள் கோப்புகளாகச் சேமித்தீர்கள். அந்த மடிக்கணினி இப்போது இல்லை. புதியதில் பாண்டாஸ் 2, மாடல்களை உருவாக்கும் லைப்ரரியான சைக்கிட்-லேர்ன் 1.5 ஆகியவற்றை நிறுவிக் கோப்புகளைத் திறந்தால், அட்டவணைகளில் ஏறக்குறையப் பாதி ஒழுங்காகத் திறக்கின்றன. மீதி, 'பாண்டாஸ்.கோர்.இன்டெக்சஸ்.நியூமெரிக் என்ற மாட்யூல் இல்லை' என்று சொல்லி நின்றுவிடுகின்றன. மாடல் வேறொரு பிழை காட்டுகிறது: 'நோடு அரே'யின் வகை பொருந்தவில்லையாம். பிக்கிள் வடிவம் பழைய கோப்புகளை எப்போதும் படிக்கும் என்று பைத்தான் ஆவணம் உறுதி கூறுகிறதே, அப்படியானால் என் கோப்புகள் கெட்டுவிட்டனவா என்று கேட்டிருக்கிறீர்கள். கோப்பு கெட்டதா என்பதைவிட, அந்த உறுதிமொழி எதைப் பற்றியது என்பதுதான் இதில் முக்கியம்.

கோப்புகள் கெடவில்லை. இதை உங்கள் கணினியைப் பார்க்காமலே சொல்ல முடியும். பாதியில் அறுந்த பிக்கிள் கோப்பாக இருந்தால் 'தரவு துண்டிக்கப்பட்டிருக்கிறது' என்றோ 'உள்ளீடு தீர்ந்துவிட்டது' என்றோ பிழை வரும். 'இந்த மாட்யூல் இல்லை' என்று வருகிறதென்றால், பைத்தான் அந்த இடம்வரை கோப்பைச் சரியாகவே படித்து, அதில் எழுதியிருந்த ஒரு பெயரைத் தேடிப் போய், ஆளைக் காணாமல் திரும்பியிருக்கிறது என்று பொருள்.

பிக்கிள் கோப்பில் இருப்பது தரவு மட்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். அதில் இருப்பது தரவை மறுபடி கட்டியெழுப்புவதற்கான கட்டளை வரிசை: இந்த மாட்யூலுக்கு (நிரல் கோப்புக்கு) போ, அங்கே இந்தப் பெயருள்ள கிளாஸை (பொருளை வார்க்கும் அச்சை) கூப்பிடு, இந்த மதிப்புகளை அதன் கையில் கொடு. கிளாஸின் நிரல் கோப்பில் இருக்காது, அதன் விலாசம் மட்டுமே இருக்கும். பைத்தான் தரும் உறுதி, கட்டளைகளைப் படிக்கும் இலக்கணத்துக்கானது. அந்த இலக்கணத்துக்கு ப்ரோட்டோகால் என்று பெயர்; 0 முதல் 5 வரை ஆறு உண்டு. பைத்தான் 3.0 உடன் 3ஆம் எண் வந்தது, 3.4இல் 4, 3.8இல் 5. புதிய பைத்தான் இந்த ஆறையும் படிக்கும். அந்த வாக்கை அவர்கள் இதுவரை காப்பாற்றியே வந்திருக்கிறார்கள். ஆனால் கட்டளையில் குறித்திருக்கும் விலாசத்தில் ஆள் குடியிருப்பார் என்பதற்குப் பைத்தான் எப்படிப் பொறுப்பேற்க முடியும்? வீடு பாண்டாஸுடையது.

அந்த வீட்டைத்தான் பாண்டாஸ் 2.0 இடித்துவிட்டது. 2023 ஏப்ரலில் வந்த அந்தப் பதிப்பில் 'இன்ட்64இன்டெக்ஸ்', 'ஃப்ளோட்64இன்டெக்ஸ்' போன்ற தனித்தனி இன்டெக்ஸ் (வரிசைகளின் அடையாள எண்கள்) கிளாஸ்களை நீக்கி, எல்லாவற்றையும் பொதுவான 'இன்டெக்ஸ்' கிளாஸுக்குள் கொண்டுவந்தார்கள். அவை குடியிருந்த 'நியூமெரிக்' மாட்யூலும் அவற்றோடு போய்விட்டது. பாதிக் கோப்புகள் மட்டும் திறப்பதற்கான விடையும் இங்கேதான் இருக்கிறது. புதிதாக உருவாக்கிய அட்டவணைக்கு 0, 1, 2 என்று தொடரும் 'ரேஞ்ச்இன்டெக்ஸ்' அமையும். அந்தக் கிளாஸ் இன்றும் பழைய இடத்திலேயே இருக்கிறது. அட்டவணையில் நிபந்தனை போட்டுச் சில வரிசைகளை நீக்கினால் 0, 3, 4, 9 என்று எண்கள் விட்டுவிட்டு நிற்கும். பாண்டாஸ் 1 காலத்தில் அப்படிப்பட்ட வரிசைக்கு 'இன்ட்64இன்டெக்ஸ்' அமையும். ஆகவே, வடிகட்டாமல் சேமித்த அட்டவணைகள் திறந்திருக்கும். விடுபட்ட மதிப்புகளையோ வேண்டாத வரிசைகளையோ நீக்கிவிட்டுச் சேமித்தவை திறந்திருக்காது. உங்கள் நாற்பதையும் இந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள். பெரும்பாலும் ஒத்துவரும் என்று நினைக்கிறேன், ஆனால் இது பிழைச்செய்தியிலிருந்து நான் செய்யும் ஊகம்.

இதற்கான மருந்து எளிது. கோப்புகளைப் பைத்தானின் சொந்த 'பிக்கிள்.லோட்' கொண்டு திறந்திருக்கிறீர்கள் என்று உங்கள் பிழைச்செய்தியின் அடுக்கிலிருந்து தெரிகிறது. அதற்குப் பதிலாகப் பாண்டாஸ் தரும் 'ரீட்_பிக்கிள்' கொண்டு திறந்து பாருங்கள். அது முதலில் வழக்கமான முறையில் முயலும். விலாசம் கிடைக்காமல் தோற்றால், பழைய பெயர்களுக்கு எதிரே புதிய பெயர்களை எழுதிவைத்த ஒரு பட்டியலை எடுத்துக்கொண்டு மறுபடி முயலும். உறையில் மவுண்ட் ரோடு என்று எழுதினாலும் கடிதம் அண்ணா சாலைக்குப் போய்ச் சேர்வது அங்குள்ள தபால்காரருக்குப் பழைய பெயர் தெரிந்திருப்பதால்தான். பைத்தானின் 'லோட்' வெளியூர்த் தபால்காரர். 'இன்ட்64இன்டெக்ஸ்' அந்தப் பட்டியலில் இருக்கிறது. இந்த வசதிக்கு ஆவணம் ஓர் எல்லையும் வைத்திருக்கிறது: பாண்டாஸ் 1.0 வரைக்கும்தான், அதுவும் பாண்டாஸின் சொந்த 'டு_பிக்கிள்' மூலம் சேமித்த பொருளுக்குத்தான் உறுதி. நீங்கள் பைத்தானின் 'பிக்கிள்.டம்ப்' மூலம் சேமித்திருந்தாலும், ஓர் அகராதிக்குள் நாலைந்து அட்டவணைகளைப் போட்டுச் சேமித்திருந்தாலும், என் அனுபவத்தில் அது பெரும்பாலும் திறந்துவிடுகிறது. ஆனால் அதற்கு உறுதி தருபவர் யாரும் இல்லை. பாண்டாஸ்காரர்கள் இந்த விஷயத்தில் அலட்சியமானவர்கள் அல்லர். 1.2இல் சேமித்த அட்டவணைக் கோப்பின் குடலைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே '0.14.1' என்று ஒரு சாவி இருக்கும். 2014இல் வந்த பதிப்பின் எண் அது. அன்று உள்ளமைப்பை மாற்றியபோது பழையதையும் புதியதையும் பிரித்தறிய இட்ட முத்திரையை அத்தனை ஆண்டுகள் விடாமல் சுமந்திருக்கிறார்கள்.

மாடல் விவகாரம் வேறு. அங்கே மாறியது விலாசம் அன்று, வீட்டின் உள்கட்டு. சைக்கிட்-லேர்னில் ஒரு முடிவு மரம் என்பது நோடுகளின், அதாவது மரத்தின் கணுக்களின், வரிசை. ஒவ்வொரு நோடிலும் இடப்பக்கக் கிளை, வலப்பக்கக் கிளை, எந்தப் பண்பு, எந்த எல்லை மதிப்பு என்று குறிப்பிட்ட புலங்கள் உண்டு. 2023இல் வந்த 1.3 பதிப்பில் மரங்கள் விடுபட்ட மதிப்புகளையும் கையாளத் தொடங்கின. அதற்காக, மதிப்பு விடுபட்டிருந்தால் இடப்பக்கம் போகவேண்டுமா என்று சொல்லும் ஒரு புலம் நோடில் கூடியது. உங்கள் 2021 கோப்பில் அந்தப் புலம் இல்லை. இதற்குத் தபால்காரர் யாரும் கிடையாது. ஒரு பதிப்பில் சேமித்த மாடலை வேறு பதிப்பில் திறப்பதை ஆதரிக்கவில்லை, அது நல்லதும் அன்று என்று சைக்கிட்-லேர்ன் ஆவணம் வெளிப்படையாகவே சொல்கிறது. சொன்னதை யாரும் படிப்பதில்லை என்பது தனிக் கதை. நானும் அந்த வரியை முதன்முதலாகப் படித்தது மாட்டிக்கொண்ட பிறகுதான்.

ஆகவே மாடலைத் திறக்க ஒரே நேர்வழி, அது பிறந்த சூழலை மறுபடி அமைப்பதுதான். எந்தப் பதிப்பில் சேமித்தீர்கள் என்பது நினைவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கவலை வேண்டாம், கோப்பே சொல்லும். சைக்கிட்-லேர்ன் தன் பொருள்களைச் சேமிக்கும்போது '_எஸ்கேலேர்ன்_வெர்ஷன்' என்ற பெயரில் பதிப்பு எண்ணையும் உள்ளே எழுதிவைக்கிறது. பைத்தானோடு வரும் 'பிக்கிள்டூல்ஸ்' ஒரு பிக்கிள் கோப்பின் கட்டளைகளை இயக்காமல் வரிவரியாக அச்சிட்டுக் காட்டும். அதில் தேடினால் அந்தப் பெயரும் அடுத்தாற்போல எண்ணும் கிடைக்கும். மாடல்களைச் சேமிக்கப் பலரும் பயன்படுத்தும் ஜாப்லிப் லைப்ரரி மூலம் சேமித்த கோப்பென்றால் இந்தக் கருவி நடுவழியில் திணறும், ஏனென்றால் ஜாப்லிப் எண் வரிசைகளைப் பச்சை பைட்டுகளாக இடையிடையே செருகிவிடுகிறது. அப்போது கோப்பை வெறும் பைட்டுகளாகத் திறந்து அந்தச் சொல்லைத் தேடினால் போதும், கோப்பு சுருக்கப்படாமல் இருக்கும்வரை. முதன்முதலில் அந்தச் சொல் வரும் இடத்தைப் பாருங்கள், எண் அதன் அருகில்தான் இருக்கும். பிந்திய இடங்களில் முன்பே எழுதியதைச் சுட்டுவதோடு நின்றுவிடும்.

2021 என்பதை வைத்துப் பார்த்தால் 0.24 என்று வரும் என எதிர்பார்க்கிறேன். இனிச் சொல்வது அந்த எதிர்பார்ப்பின் மேல் நிற்கிறது. முதலில் பைத்தான் 3.8 கொண்ட தனிச் சூழல் ஒன்றை உருவாக்குங்கள். இன்றைய பைத்தானில் 0.24ஐ நிறுவப் பார்த்தால் தயார் நிலைத் தொகுப்பு கிடைக்காமல் கணினி அதை மூலநிரலிலிருந்து கட்டத் தொடங்கும், அந்த முயற்சியில் உங்கள் ஒரு நாள் போய்விடும். 3.7க்கும் இறங்கவேண்டாம். நீங்கள் 3.8இல் 'டு_பிக்கிள்' பயன்படுத்தியிருந்தால் கோப்பு 5ஆம் ப்ரோட்டோகாலில் இருக்கும், 3.7 அதைப் படிக்காது. அடுத்து, எண் வரிசைகளைக் கையாளும் லைப்ரரியான நம்பையின் பதிப்பை நீங்களே குறிப்பிட்டு நிறுவுங்கள், 1.20 என்று. இதை விட்டுவிட்டால் நிறுவும் கருவி 3.8க்குக் கிடைக்கும் மிகப் புதிய நம்பையான 1.24ஐக் கொண்டுவந்து வைக்கும். 'நம்பை.ஃப்ளோட்' போன்ற பழைய பெயர்கள் அதில் நீக்கப்பட்டுவிட்டன, சைக்கிட்-லேர்ன் 0.24 அவற்றை நம்பியிருப்பதால், உங்கள் மாடலை எட்டுவதற்கு முன்பே லைப்ரரி விழுந்துவிடும். இந்தப் பள்ளத்தில் விழாதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை, ஏனென்றால் அங்கே வரும் பிழைச்செய்தி மாடலைப் பற்றிப் பேசுவதே இல்லை. பைத்தான் 3.8க்கு 2024 அக்டோபரோடு ஆதரவு முடிந்துவிட்டது. அதில் குடியேறச் சொல்லவில்லை. கதவைத் திறந்து பொருள்களை வெளியே எடுக்கும்வரை போதும்.

திறந்துவிட்டால் மகிழ்ச்சியில் உடனே மறுபடி பிக்கிளாகச் சேமித்துவிடாதீர்கள். முதலில் ஓர் ஐந்நூறு வரிசைகளை மாடலுக்குக் கொடுத்து, அது தரும் கணிப்புகளை உள்ளீட்டோடு சேர்த்துச் சாதாரண எண் கோப்பாக எழுதிவையுங்கள். இனி எங்கே கொண்டுபோனாலும் சரிபார்க்க அதுதான் உரைகல். மாடலை வெளியே கொண்டுபோக இரண்டு வழிகள் உண்டு. பயிற்சித் தரவு கையில் இருந்தால் புதிய பதிப்பில் மறுபடி பயிற்றுவிப்பது ஒன்று. நான் அதையே விரும்புவேன். ஆனால் அதே விதை எண்ணை (தற்செயல் தேர்வுகளைத் தொடங்கிவைக்கும் எண்) கொடுத்தாலும் பதிப்பு மாறினால் அச்சு அசலாக அதே மரங்கள் வரும் என்று நம்பக்கூடாது. பழைய நிரலில் 'மேக்ஸ்_ஃபீச்சர்ஸ்' என்ற அமைப்புக்கு 'ஆட்டோ' என்று எழுதியிருந்தால் 1.3 முதல் அது ஏற்கப்படாது. வகைப்படுத்தும் மாடலில் அதன் பொருள் 'ஸ்கொயர் ரூட்' என்பதுதான், அதையே எழுதிவிடலாம். ஆய்வேட்டில் வெளிவந்த எண்களைத் தந்த அதே மாடல்தான் வேண்டும் என்றால் இரண்டாவது வழி, எந்த ஒரு லைப்ரரியையும் சாராத ஆனிக்ஸ் என்ற மாடல் வடிவத்துக்கு மாற்றுவது. அதிலும் ஒரு முள் இருக்கிறது. சைக்கிட்-லேர்ன் எல்லை மதிப்புகளை 64 பிட் எண்களாக வைத்திருக்கிறது, ஆனிக்ஸின் மரங்களில் வழக்கமாக அவை 32 பிட்டாகச் சுருங்கும். எல்லைக்கோட்டின் மேலேயே நிற்கும் ஒரு மதிப்பு அந்தச் சுருக்கத்தில் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் தாவிவிடலாம். ஐந்நூறில் ஒன்றிரண்டு கணிப்புகள் மாறினால் அதிர்ச்சி அடையவேண்டாம், காரணம் பெரும்பாலும் இதுவாக இருக்கும். ஐம்பது மாறினால் வேறெங்கோ தவறு.

பிழை காட்டி நிற்கும் கோப்பைக் கண்டு நான் பயப்படுவதில்லை. எச்சரிக்கை ஒன்றைக் காட்டிவிட்டுத் திறந்துகொள்ளும் கோப்புதான் என் தூக்கத்தைக் கெடுப்பது. சைக்கிட்-லேர்ன் மாடலைப் பதிப்பு மாற்றித் திறக்கும்போது பல சமயங்களில் 'பதிப்பு பொருந்தவில்லை' என்ற எச்சரிக்கை மட்டும் வரும். மாடல் திறக்கும், கணிப்புகளும் தரும். அவை சரியா? நேரியல் மாடல் போன்ற எளிய பொருளுக்குப் பெரும்பாலும் சரியாகவே இருக்கும், ஏனென்றால் அதில் இருப்பது சில எண்களின் வரிசை மட்டுமே. பல கட்டங்களைக் கோத்த பைப்லைனுக்கு அப்படிச் சொல்லத் துணிய மாட்டேன். பழைய கணிப்புகளோடு ஒப்பிடாமல் அதை முடிவு செய்ய எனக்கு வழி தெரியாது, வேறு யாருக்கும் தெரியும் என்றும் நான் நம்பவில்லை.

நான் பட்ட அடி ஒன்றையும் சொல்கிறேன், எதிர்த் திசையிலும் இதே பள்ளம் உண்டு என்பதால். நம்பை 2.0 வெளிவந்த 2024 நடுவில், வேலை செய்யும் இடத்தில் என் கணினியை மேம்படுத்தினேன். பழைய கோப்புகளை எல்லாம் திறந்து, சுத்தம் செய்து, அதே பெயரில் பிக்கிளாகத் திரும்ப எழுதும் சிறு நிரல் ஒன்றைப் பொது இயக்ககத்தின் மீது ஓடவிட்டேன். மறுநாள் காலை, நம்பை 1.24 வைத்திருந்த சக ஊழியர் ஒருவர், தன் கோப்புகள் எதுவும் திறக்கவில்லை, 'நம்பை._கோர் இல்லை' என்று வருகிறது என்று வந்து நின்றார். 2.0இல் 'கோர்' என்ற உள்மாட்யூலுக்கு முன்னால் ஓர் அடிக்கோடு சேர்ந்திருக்கிறது. புதிய கோப்புகள் புதிய விலாசத்தைக் குறிக்கின்றன, பழைய நம்பைக்கு அந்தத் தெருவே தெரியாது. புதிய நிரல் பழைய கோப்பைப் படிப்பது பின்னோக்கிய இணக்கம், பழைய நிரல் புதிய கோப்பைப் படிப்பது முன்னோக்கிய இணக்கம். முதலாவதைத் தர ஓரளவு முயல்கிறார்கள். இரண்டாவதை யாரும் உங்களுக்குக் கடன்பட்டிருக்கவில்லை. அன்று நல்லவேளையாக நம்பை 1.26 காப்பாற்றியது. 2.0இன் கோப்புகளைப் படிப்பதற்கென்றே அதில் ஒரு பொம்மை '_கோர்' வைத்திருந்தார்கள். அவருடைய கணினியை 1.26க்கு உயர்த்தி முடித்தோம். மூலக் கோப்பின் மேலேயே எழுதிய என் புத்தியைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

இனி எப்படிச் சேமிப்பது என்ற உங்கள் கடைசிக் கேள்வி. அட்டவணைகளைப் பார்க்கே வடிவத்தில் வையுங்கள். கிளாஸ் விலாசம் எதுவும் இல்லாமல், நெடுவரிசையின் பெயரும் வகையும் மதிப்பும் மட்டும் அதில் போகும். பாண்டாஸே இல்லாத கணினியிலும் வேறொரு மொழியில் திறக்கலாம். ஒரே நெடுவரிசையில் எண்ணும் எழுத்தும் கலந்து வைத்திருந்தால் பெரும்பாலும் எழுத மறுத்துப் பிழை காட்டும். அது உங்களுக்குச் செய்யும் உதவி. மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து எழுதும் சிஎஸ்வி அப்படிப்பட்ட குழப்பத்தைச் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டு, தொடக்கத்தில் பூஜ்யம் உள்ள குறியீட்டு எண்களையும் தின்றுவிடும். வெறும் எண் வரிசைகளுக்கு நம்பையின் என்பிஒய் வடிவம் போதும். கோப்பின் தலையிலேயே வடிவப் பதிப்பு எண் இருக்கிறது, இதுவரை மூன்றே பதிப்புகள், எல்லாம் ஆவணத்தில் எழுதப்பட்டவை. பல அட்டவணைகளை ஒன்றாக வைக்க, ஒரே கோப்பில் அடங்கும் தரவுத்தளமான எஸ்க்யூலைட் நல்லது. 2004இல் வந்த அதன் மூன்றாம் வடிவத்தில் எழுதிய கோப்பை இன்றைய பதிப்பும் படிக்கிறது, 2050 வரை ஆதரிப்பதாக உருவாக்குநர்கள் சொல்லியிருக்கிறார்கள். இப்படி ஒரு ஆண்டைக் குறிப்பிட்டு வாக்குக் கொடுத்தவர்கள் இந்தத் துறையில் அரிது.

வடிவம் நிலையானதாக இருந்தாலே முழு நிம்மதி என்றும் சொல்லமாட்டேன். 2020இல், எச்டிஎஃப்5 வடிவக் கோப்புகளைப் படிக்கும் எச்5பை லைப்ரரியின் 3.0 வந்தபோது, நரம்பு வலைகளுக்கான கேராஸ் லைப்ரரியில் சேமித்த ஏராளமான மாடல் கோப்புகள் திறக்காமல் போயின. எச்டிஎஃப்5 வடிவத்தில் ஒரு பைட்டும் மாறவில்லை. கோப்பிலுள்ள சில குறிப்புகளை அதுவரை பைட்டுகளாகத் தந்துகொண்டிருந்த எச்5பை, நேரடியாக எழுத்துச் சரங்களாகத் தரத் தொடங்கியது. பைட்டுகளைச் சரமாக மாற்ற எழுதிய கேராஸின் வரி, ஏற்கெனவே சரமாக இருந்ததைப் பார்த்து விழுந்தது. பலரும் எச்5பையை 2.10க்கு இறக்கித்தான் வேலையைத் தொடர்ந்தார்கள்.

பிக்கிளை அடியோடு விலக்கச் சொல்லவில்லை. இன்று மாலை சேமித்து நாளைக் காலை அதே கணினியில் திறப்பதற்கு அதைவிட வசதியானது கிடையாது. பிறர் அனுப்பும் பிக்கிளை மட்டும் திறக்காதீர்கள், ஏனென்றால் அந்தக் கட்டளை வரிசையில் எந்தக் கட்டளையையும் ஒளித்துவைக்கலாம். நம்பை 2019இலும் ஆழ்கற்றல் லைப்ரரியான பைடார்ச் 2025இலும் தங்கள் இயல்பு அமைப்பை இறுக்கிக்கொண்டதற்குக் காரணம் அதுதான். அதனாலும் சில பழைய கோப்புகள் 'திடீரென்று' திறக்காமல் போயின.

உங்கள் நாற்பது கோப்புகளைத் தொடுவதற்கு முன்னால் அந்த அடைவை அப்படியே வேறோர் இடத்தில் நகலெடுத்துப் படிக்கமட்டும் முடிகிற நிலையில் வையுங்கள். 'ரீட்_பிக்கிள்' கொடுத்தும் எவையேனும் திறக்காவிட்டால், அதன் பிழைச்செய்தியின் கடைசி வரியையும் 'பிக்கிள்டூல்ஸ்' காட்டும் முதல் இருபது வரிகளையும் இங்கே போடுங்கள். கோப்பையே யாருக்கும் அனுப்பவேண்டிய தேவை இல்லை.